ஒன்பது வரிகளில் ஒரு கலவர நகரம்

பிரிட்டனில் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வுக்காக எடெக்செல் வாரியம் 2015-இல் கொண்டுவந்த கவிதைத் தொகுப்பில் ‘மோதல்’ என்றொரு பகுதி இருக்கிறது. அதிலுள்ள பதினைந்து கவிதைகளில் ஒன்று ஆல்ஃபிரட் டென்னிசனின் ‘தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்’. கிரைமியப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று, பலாக்லாவா பள்ளத்தாக்கில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து மடிந்த குதிரைப்படையைப் பாடும் கவிதை அது. அதே பகுதியில் இன்னொரு கவிதை, கீரன் கார்சனின் ‘பெல்ஃபாஸ்ட் கான்ஃபெட்டி’. அதிலும் பலாக்லாவா வருகிறது. இம்முறை அது வட அயர்லாந்தின் தலைநகரில் ஒரு தெரு. கலவரத்தில் சிக்கிய ஒருவன் தப்பிக்க வழி தேடும் தெரு.

ஒரு கவிதையை இன்னொன்றோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லும் தேர்வு இது. ஆனால் இந்த இரண்டு பலாக்லாவாக்களுக்கும் நடுவே ஓடும் கோட்டைத் தொடாமலேயே நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். உருவகம் எது, வரி ஏன் நீள்கிறது, வினாக்குறிகள் ஏன் கடைசியில் குவிகின்றன என்று எடுத்துக்காட்டினால் போதும். இதற்கு நேர் எதிரான இன்னொரு படிப்பு முறையும் உண்டு. வட அயர்லாந்து மோதலின் வரலாற்றை முதலில் இரண்டு பக்கம் சொல்லிவிட்டு, அதற்குச் சான்றாகக் கவிதையைக் காட்டுவது. முதல் முறையில் ஊர் காணாமல் போகிறது. இரண்டாவதில் கவிதை காணாமல் போகிறது. உள்நாட்டு மோதலையும் நகர வன்முறையையும் பற்றிய கவிதைகளைப் பயிலும்போது உலகெங்கும் நேரும் இடர் இது. கார்சனின் கவிதையை எடுத்துக்கொண்டால் அதைத் தாண்டும் வழி தெளிவாகத் தெரிகிறது. காரணம், அந்தக் கவிதையின் உத்தி முழுவதும் அந்த ஊரின் தெருக்களிலிருந்தும் சட்டத்திலிருந்தும் கலவரத்தில் பறந்த இரும்பிலிருந்தும் எடுக்கப்பட்டது.

முதலில் தலைப்பு. கான்ஃபெட்டி என்பது மேலைநாட்டுத் திருமணங்களில் மணமக்கள்மேல் தூவும் வண்ணக் காகிதத் துணுக்கு. நம் அட்சதை போல வாழ்த்தின் அடையாளம். ‘பெல்ஃபாஸ்ட் கான்ஃபெட்டி’ என்பது கார்சன் உண்டாக்கிய தொடர் அன்று. அந்நகரத் தொழிலாளர் மத்தியில் ஏற்கெனவே புழங்கிய கொச்சை வழக்கு அது. டைட்டானிக் கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் போன்ற தளங்களில் தரையெங்கும் இரும்புத் துண்டுகள் கிடக்கும்: அறையாணிகள், நட்டுகள், போல்ட்டுகள். 1920 ஜூலையில் அந்தக் கப்பல்கட்டும் தளங்களிலிருந்து கத்தோலிக்கத் தொழிலாளர்களும், அவர்களோடு சோஷலிஸ்டுகள் என்று முத்திரை குத்தப்பட்ட புராட்டஸ்டன்ட் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் அடித்து விரட்டப்பட்டார்கள். ஓடியவர்கள்மேலும் நீரில் குதித்தவர்கள்மேலும் வந்து விழுந்தவை அந்த அறையாணிகள்தாம். கைத்தொழிலின் கருவியே வகுப்புவாதத்தின் ஆயுதமானது. பிற்காலத்தில் கலவரங்களில் எறியப்படும் எந்தப் பொருளுக்கும் அந்தப் பெயர் நின்றது. ஆணிக்குண்டுக்குள் அடைக்கப்படும் இரும்புச் சில்லுகளையும் அது ஒட்டிக்கொண்டது. வாழ்த்தைத் தாக்குதலாகத் திருப்பிப் போடும் இந்தக் குரூரமான நகைச்சுவை ஒரு நகரம் தன் வன்முறையோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டதைக் காட்டுகிறது. கவிதைக்குள் நுழையும் முன்பே வாசகர் அந்தப் பழக்கத்தின் நடுவே நிற்கிறார்.

கவிதை சிறியது. ஐந்து நீண்ட வரிகள், ஓர் இடைவெளி, மறுபடி நான்கு நீண்ட வரிகள். ஒவ்வொன்றும் பக்க அகலத்தைத் தாண்டி மடிந்து விழும். முதல் பகுதி இறந்தகாலத்தில் நடக்கிறது. கலவரத் தடுப்புப் படை நெருங்குகிறது. வானிலிருந்து நிறுத்தக்குறிகள் பொழிகின்றன. போல்ட்டும் ஆணியும் கார்ச் சாவியும் உடைந்த அச்செழுத்துகளாக மாறுகின்றன. வெடிப்பு, வரைபடத்தில் விழுந்த ஓர் உடுக்குறி. துப்பாக்கிச் சடசடப்பு, இணைப்புக்கோடுகளின் வரிசை. பேசுபவன் மனத்துக்குள் ஒரு வாக்கியத்தை முடிக்க முயல்கிறான், அது திக்குகிறது. சந்துபொந்துகள் எல்லாம் புள்ளிகளால் அடைபட்டுக் கிடக்கின்றன. இரண்டாம் பகுதி நிகழ்காலத்துக்குத் தாவுகிறது. தெருப்பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. நன்றாகத் தெரிந்த தெருக்கள், ஆனால் வெளியேற வழியில்லை. பிறகு ராணுவத்தின் தளவாடங்கள்: சாரசென் கவச வண்டி, கம்பிவலை, மக்ரலான் முகக்கவசம், வாக்கி-டாக்கி. முடிவில் கேள்விகள்.

பட்டியலில் அந்தக் கார்ச் சாவி கவனிக்கத் தக்கது. ஆணியும் போல்ட்டும் கலவரத்துக்கென்று சேகரிக்கக்கூடியவை. சாவி ஒருவருடைய சட்டைப்பையில் இருந்தது. அதை எறிந்தார்களா, வெடித்துச் சிதறிய காரிலிருந்து பறந்துவந்ததா, ஓடும்போது விழுந்ததா என்று கவிதை சொல்வதில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியாக இருந்த ஒரு பொருள் இரும்புக் குப்பையோடு சேர்ந்துவிட்டது. ஆசிரியர்கள் பெரும்பாலும் நிறுத்தக்குறி உருவகத்தின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டுவதில் இறங்கிவிடுவதால் இந்தச் சின்னச் சாவி கண்ணில் படாமல் போகிறது.

இனி அந்தத் தெருக்கள். பலாக்லாவா, ராக்லன், இங்கர்மன், ஒடெஸா, கிரைமியா. 1851-இல் ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த பெல்ஃபாஸ்ட் 1901-க்குள் ஏறத்தாழ மூன்றரை லட்சமாகப் பெருத்தது. லினன் ஆலைகளுக்கும் கப்பல் தளங்களுக்கும் வேலைக்கு வந்தவர்களுக்காக ஆலைகளை ஒட்டி வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் எழுந்தன. புதுத் தெருக்களுக்குப் பேரரசின் அண்மைப் போர்களிலிருந்து பெயர்கள் கிடைத்தன. 1854-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் குண்டு வீசிய துறைமுகம் ஒடெஸா. அதே ஆண்டு நவம்பரில் மூடுபனிக்குள் நடந்த சண்டை இங்கர்மன். அந்தப் போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கி அங்கேயே 1855-இல் இறந்தவர் ராக்லன் பிரபு. கிரைமியாவுக்குச் சென்ற பிரிட்டிஷ் படையில் அயர்லாந்துக்காரர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதும் இதோடு சேர வேண்டிய செய்தி.

கிரைமியாவோடு பெயர் வைப்பு நின்றுவிடவில்லை. ஃபால்ஸ் சாலையை ஒட்டிய க்ளோனார்டு பகுதியில் காஷ்மீர் சாலை இருக்கிறது. கான்பூர் பெயரிலும் பம்பாய் பெயரிலும் தெருக்கள் இருக்கின்றன. 1857 எழுச்சியின்போது கான்பூரில் நடந்தவை விக்டோரியா காலத்துப் பிரிட்டனின் மனத்தில் எப்படிப் பதிந்தன என்பதை அறிந்த இந்திய வாசகருக்கு அந்தத் தெருப் பலகை வேறு விதமாகப் பேசும். பம்பாய் தெருவுக்கு இன்னொரு வரலாறும் சேர்ந்தது. 1969 ஆகஸ்ட் 15 அன்று ஒரு கும்பல் அந்தத் தெருவின் வீடுகளைக் கொளுத்தியது. கத்தோலிக்கக் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடின. அந்த நாட்களில்தான் பிரிட்டிஷ் ராணுவம் வட அயர்லாந்தின் தெருக்களில் இறங்கியது. ‘ஆபரேஷன் பேனர்’ என்ற பெயரில் தொடங்கிய அந்தப் பணி 2007 வரை, 38 ஆண்டுகள் நீடித்தது. 1969 செப்டம்பரில் ஃபால்ஸ் பக்கக் கத்தோலிக்கரையும் ஷாங்கில் பக்கப் புராட்டஸ்டன்டுகளையும் பிரிக்கும் முதல் ‘அமைதிக் கோடு’ எழுப்பப்பட்டது. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லப்பட்ட அந்தத் தடுப்பு, பின்னர் உயர்ந்த சுவராயிற்று.

கவிதையின் முதல் நான்கு தெருக்கள் பெரும்பாலும் ஃபால்ஸ் பக்கத்தவை. கார்சன் வளர்ந்த வட்டாரம் அது. ஐந்தாவதான கிரைமியா தெரு ஷாங்கில் சாலையிலிருந்து பிரிகிறது. அதாவது, சுவருக்கு அந்தப் பக்கம். வரைபடத்தை விரித்து வைத்துப் படிப்பவருக்கு இங்கே ஒரு திடுக்கிடல் காத்திருக்கிறது. ஃபால்ஸ் பக்கத்து ஆள் கலவர வேளையில் அங்கே போய் முட்டிக்கொண்டால் அவன் உயிர் அவன் கையில் இல்லை. ஆனால் இடையில் சுவர் இருக்க, அவன் எப்படி அங்கே போனான்? கால்கள் ஓடுகின்றனவா, அல்லது நினைவில் இருக்கும் பழைய வரைபடத்துக்குள் மனம் ஓடுகிறதா? கவிதை இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில்லை. பேரரசு பெயர் வைத்தபோது இரண்டு பக்கத்துக்கும் ஒரே போரிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தது. கத்தோலிக்கர் பலாக்லாவாவில் குடியிருந்தார்கள், புராட்டஸ்டன்டுகள் கிரைமியாவில் குடியிருந்தார்கள். தெருக்கள் ஒரே ஆலைகளின் சங்கொலிக்கு விழித்தன. ஒரே குடும்பத்துப் பெயர்களைத் தாங்கிய தெருக்களை வெட்டிப் பிரித்தது பின்னால் வந்த சுவர். அச்சில் ஐந்து பெயர்கள் அடுத்தடுத்து நிற்கும்போது அந்தச் சுவர் ஒரு கணம் இல்லாமல் போகிறது. அடுத்த கணமே வழி அடைபடுகிறது. இந்த ஒரு செய்தி தெரிந்தால் கவிதையின் இரண்டாம் பகுதி வேறு கவிதையாகிவிடுகிறது.

அதே தெருக்கள் இன்னொரு முறையும் அடைக்கப்பட்டன. 1970 ஜூலை 3 முதல் 5 வரை, ஆயுதத் தேடலைத் தொடர்ந்து, ஃபால்ஸின் கீழ்ப்பகுதி முழுவதையும் ராணுவம் ஊரடங்குக்குள் வைத்தது. வீடு வீடாகச் சோதனை நடந்தது, கண்ணீர்ப்புகை நிறைந்தது, நான்கு பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். கடைசியில் மேல் ஃபால்ஸிலிருந்து பெண்கள் ரொட்டியும் பாலும் தூக்கிக்கொண்டு குழந்தை வண்டிகளைத் தள்ளியபடி வந்து ராணுவ வளையத்தை உடைத்தார்கள். இதற்குச் சற்று முன்பே வேறொரு அழிவும் தொடங்கியிருந்தது. பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு டிவிஸ் அடுக்குமாடிகள் எழுப்பப்பட்டன. கார்சன் அறிந்த தெருக்கள் பலவற்றைக் குண்டுகளோடு நகரமைப்புத் துறையும் சேர்ந்து அழித்தது. அவருடைய பெல்ஃபாஸ்டில் வரைபடங்கள் எப்போதும் பொய் சொல்வது இதனால்தான். 1989-இல் வெளிவந்த ‘பெல்ஃபாஸ்ட் கான்ஃபெட்டி’ நூலின் தொடக்கக் கவிதையே ஒருபோதும் இல்லாத பாலத்தைக் காட்டும் வரைபடத்தைப் பற்றியது. மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடமும் இதுவே: அந்தப் பெயரில் நூல் இருந்தாலும், அந்தப் பெயர் கொண்ட கவிதை அதில் இல்லை. அது 1987-இல் காலரி பிரஸ் வெளியிட்ட ‘தி ஐரிஷ் ஃபார் நோ’ தொகுப்பில், அதே அளவுள்ள ஒன்பது வரிக் கவிதைகளின் வரிசையில் வந்தது. அந்த வரிசையோடு சேர்த்துப் படிக்கும்போதே அதன் மூச்சு புலப்படும். தனியே பிடுங்கி வினாத்தாளில் ஒட்டும்போது அது ஒரு சாமர்த்தியமான புதிர்போலத் தெரிந்துவிடுகிறது.

கடைசிக் கேள்விகளுக்கு வருவோம். பெயர் என்ன, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்ற பொருளில் வரும் அந்தக் கேள்விகளை ‘அடையாளச் சிக்கல்’ என்று எழுதி முடிக்கும் வழிகாட்டி நூல்கள் ஏராளம். அடையாளச் சிக்கல்தான், ஆனால் அதற்கு முன் அது சட்டத்தின் குரல். 1973-இல் இயற்றப்பட்ட வட அயர்லாந்து நெருக்கடிகாலச் சட்டம், எவரையும் நிறுத்தி அவருடைய அடையாளத்தையும் நடமாட்டத்தையும் கேட்டறியும் அதிகாரத்தைப் படையினருக்கு வழங்கியது. பதில் சொல்ல மறுப்பது குற்றம். பெல்ஃபாஸ்டில் வாழ்ந்த ஒரு தலைமுறை இந்தக் கேள்விகளைப் பால் வாங்கப் போகும்போதும் பள்ளி விட்டு வரும்போதும் கேட்டது. பலருக்கு அவை மனப்பாடம். கவிதையில் வாக்கியத்தை முடிக்க முடியாமல் திக்கும் மனிதனுக்கு முழு வாக்கியங்களில் பேசும் அதிகாரம் எதிரே நிற்கிறது. நிறுத்தக்குறிகள் அவன் பேச்சையும் நடையையும் ஒரே நேரத்தில் நிறுத்துகின்றன. சோதனைச் சாவடியின் வேலையும் அதுவே. இந்த இடத்தில் உருவகமும் நிலவரமும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்துகின்றன.

கேள்வி கேட்பவர்கள் ராணுவத்தார் மட்டுமல்லர் என்பதைக் கார்சன் மறைக்கவில்லை. 1989 நூலில் ‘கொஸ்டின் டைம்’ என்றொரு உரைநடைப் பகுதி உண்டு. சைக்கிளில் ஷாங்கில் பக்கமாகச் சுற்றிவிட்டு ஃபால்ஸ் பக்கம் வருபவனை அந்த வட்டாரத்து ஆட்களே பிடித்து விசாரிக்கிறார்கள். ஷாங்கிலிலிருந்து வருவதைப் பார்த்தோம், நீ யார், எந்தத் தெருவில் இருந்தாய், பக்கத்து வீட்டில் யார் என்று துருவுகிறார்கள். அவன் சொல்லும் தெருக்கள் இடிக்கப்பட்டுவிட்டன. இல்லாமற்போன தெருக்களைச் சாட்சிக்கு அழைத்துத் தன்னை நிரூபிக்க வேண்டிய கட்டாயம். ‘பெல்ஃபாஸ்ட் கான்ஃபெட்டி’ கவிதையைப் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு எதிரான குற்றச்சாட்டாக மட்டும் படிப்பவர்கள் இந்தப் பகுதியையும் உடன் படிக்க வேண்டும். வட அயர்லாந்தில் ஒருவருடைய பெயர், படித்த பள்ளி, வசிக்கும் தெரு ஆகியவற்றைக் கொண்டு அவர் எந்தத் தரப்பு என்று கணிப்பது அன்றாடத் திறமையாக இருந்தது. கார்சனின் பெயரே இந்தக் கணக்கைக் குழப்பக்கூடியது. கீரன் என்பது அயர்லாந்துப் புனிதர் ஒருவரின் பெயர். அவர் வீட்டுப் பேச்சுமொழியும் ஐரிஷ். கார்சன் என்பதோ அயர்லாந்தின் தன்னாட்சிக் கோரிக்கையை எதிர்த்துப் புராட்டஸ்டன்டுகளைத் திரட்டிய எட்வர்ட் கார்சனின் குடும்பப்பெயர். அவருடைய சிலை இன்றும் வட அயர்லாந்தின் ஸ்டார்மான்ட் சட்டமன்றத்தின் முன்னால் நிற்கிறது. தபால்காரரின் மகனான கவிஞர், பெயரைக் கேட்கும் கேள்வியைச் சாதாரணக் கேள்வியாக எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

இனி, இந்தக் கவிதையைச் சூழ்ந்த பெரிய விவாதம். வட அயர்லாந்து மோதலில் 3,500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; பதினைந்து லட்சம் பேர் வாழ்ந்த ஒரு பகுதியில். இறந்தவர்களில் 1,500-க்கும் மேற்பட்டோர் பெல்ஃபாஸ்டில் இறந்தவர்கள். 1972 ஜூலை 21 அன்று மட்டும் அந்நகரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய இருபது குண்டுகள் வெடித்தன. ஒன்பது பேர் இறந்தார்கள், 130 பேர் காயமடைந்தார்கள். அதே காலத்தில் அந்தச் சின்ன நிலப்பரப்பில் ஷேமஸ் ஹீனி, மைக்கேல் லாங்லி, டெரெக் மஹோன், மெவ் மகக்கியன், பால் முல்டூன் என்று அசாதாரணமான கவிஞர் கூட்டம் எழுந்தது. பத்திரிகையாளர்களும் வாசகர்களும் அவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: குண்டு வெடிக்கும் ஊரில் கவிதை என்ன செய்கிறது?

ஹீனியின் 1975 தொகுப்பான ‘நார்த்’ ஒரு பதிலைத் தந்தது. டென்மார்க்கின் சதுப்புநிலங்களில் ஈராயிரம் ஆண்டுகளாகக் கெடாமல் கிடந்த பலியுடல்களைப் பற்றிப் பி.வி. குளோப் எழுதிய நூல் அவரை ஆட்கொண்டிருந்தது. அந்த உடல்கள் வழியாக அவர் தன் காலத்துக் கொலைகளைப் பார்த்தார். உலகம் கொண்டாடியது. அதே ஆண்டு ‘தி ஆனஸ்ட் அல்ஸ்டர்மன்’ இதழில் வந்த ஒரு மதிப்புரை அதைக் கடுமையாகத் தாக்கியது: இன்றைய கொலையைப் பழங்காலச் சடங்கோடு இணைக்கும்போது அதற்குத் தவிர்க்க முடியாத விதி என்ற மரியாதை கிடைத்துவிடுகிறது, அரசியல் காரணங்கள் மூடுபனிக்குள் போய்விடுகின்றன என்பது அதன் சாரம். மதிப்புரையை எழுதியவர் இருபத்தேழு வயது கீரன் கார்சன். அடுத்த ஆண்டு அவருடைய முதல் தொகுப்பு வந்தது. அதன்பின் அடுத்த முழுத் தொகுப்புக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் அவர் கலை மன்றத்தில் மரபிசைக்கான அலுவலராக ஊர் ஊராகச் சென்று இசைக் கலைஞர்களையும் கதைசொல்லிகளையும் கேட்டார்; தானும் குழல் வாசித்தார். ‘பெல்ஃபாஸ்ட் கான்ஃபெட்டி’யை ஹீனிக்கு அவர் எழுதிய இரண்டாவது மதிப்புரை என்று படிப்பதில் தவறில்லை. சதுப்புநிலம் இல்லை, தொன்மம் இல்லை. தொழிற்சாலையில் செய்த மக்ரலான் இருக்கிறது, தெருப் பலகை இருக்கிறது. எந்த நிறுவனம் எந்தப் பொருளைச் செய்து எந்த வண்டியில் பொருத்தியது என்ற அளவுக்கு இந்த வன்முறை மனிதக் கையால் ஆனது.

ஹீனிக்கு இதில் முழு நியாயம் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ‘நார்த்’ தொகுப்பின் இரண்டாம் பகுதியில் அவர் பத்திரிகை மொழியையும் தெருப்பேச்சையும் நேரடியாகவே எதிர்கொள்கிறார். ஆனாலும் கார்சனின் எச்சரிக்கை, மோதல் கவிதைகளைப் பயிலும் எவருக்கும் இன்றும் தேவைப்படுகிறது. கொலையை அழகான பழங்கதையாக்கும் கவிதை வகுப்பறையில் எளிதாக விலைபோகும்.

அதே எச்சரிக்கையைக் கார்சனின் கவிதைக்கும் திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். வெடிப்பை உடுக்குறி என்று சொல்லும்போது இறந்தவர் எங்கே? இந்த ஒன்பது வரிகளில் ஒரு பிணம் இல்லை, ஒரு துளி ரத்தம் இல்லை. மொழி விளையாட்டு வலியை மறைத்துவிட்டது என்று ஒரு மாணவர் சொன்னால் ஆசிரியர் அதை அவசரப்பட்டு மறுக்கக் கூடாது. மறுப்பதற்குப் பதில் பக்கத்தில் மைக்கேல் லாங்லியின் ‘தி ஐஸ்க்ரீம் மேன்’ கவிதையை வைக்கலாம். 1988-இல் லிஸ்பர்ன் சாலையில் ஓர் ஐஸ்கிரீம் கடையில், பணியில் இல்லாத நேரத்தில் இருந்த ஒரு காவலரை ஆயுதக்குழுவினர் சுட்டுக் கொன்றார்கள். லாங்லியின் வீட்டுக்கு அருகிலிருந்த கடை அது. அவருடைய மகள் அதன் ஐஸ்கிரீம் வகைகளை மனப்பாடமாக ஒப்பிப்பாள். லாங்லி அந்த வகைகளுக்கு எதிரே, அயர்லாந்தின் மேற்கில் உள்ள பரன் பகுதியில் தான் கண்ட காட்டுப்பூக்களின் பெயர்களை வரிசையாக அடுக்கினார். மலர்வளையம்போல ஒரு பெயர்ப் பட்டியல், வேறொன்றுமில்லை. கொல்லப்பட்டவரின் தாய் கவிஞருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். ஐஸ்கிரீம்காரரின் தாய் என்றே கையொப்பமிட்டார். ஒரு தனி உயிருக்கான துக்கத்தை எழுதுவது எப்படி என்பதற்கு அதைவிட உயர்ந்த சான்று அந்த மண்ணில் இல்லை.

கார்சனின் கவிதை துக்கத்தைப் பற்றியதன்று. அது அச்சத்தைப் பற்றியது. இன்னும் இறக்காதவனின் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியது. வெடிச்சத்தம் கேட்ட கணத்தில் யார் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தகவல் இல்லை, வாக்கியம் இல்லை, ஒலி மட்டும் இருக்கிறது. உடுக்குறி இன்னொரு பக்கத்தில் விளக்கம் இருக்கிறது என்று காட்டும் குறி. இங்கே அந்த அடிக்குறிப்பு வரவே இல்லை. அடிக்குறிப்பு வேண்டுவோருக்கு ‘லாஸ்ட் லைவ்ஸ்’ என்ற நூல் இருக்கிறது. டேவிட் மெக்கிட்ரிக்கும் சக பத்திரிகையாளர்களும் 1999-இல் வெளியிட்ட அந்தப் பெருநூல், மோதலில் இறந்த ஒவ்வொருவரையும் தரப்புப் பாராமல், தேதி வரிசையில், தனிப் பதிவாக எழுதியது. கவிதையையும் அந்த நூலின் சில பக்கங்களையும் அடுத்தடுத்துப் படிக்கும் வகுப்பு, வன்முறைக்கு இரண்டு வகை மொழி தேவைப்படுகிறது என்பதைத் தானே கண்டுகொள்ளும்.

‘எ ரேஜ் ஃபார் ஆர்டர்’ என்ற தலைப்பில் ஃபிராங்க் ஆர்ம்ஸ்பி 1992-இல் தொகுத்த வட அயர்லாந்து மோதல் கவிதைகளைப் புரட்டினால் இந்த வகைமை எவ்வளவு விரிந்தது என்பது விளங்கும். அரசியலையும் கவிதையையும் தள்ளித் தள்ளியே வைக்க வேண்டும் என்று விமர்சகர் எட்னா லாங்லி வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய கணவர் மைக்கேல் லாங்லி 1994-இல் எழுதிய ‘சீஸ்ஃபயர்’, ஐஆர்ஏ ஆயுதக்குழு போர்நிறுத்தம் அறிவித்த சில நாட்களில், செப்டம்பர் 3 அன்று ‘தி ஐரிஷ் டைம்ஸ்’ நாளிதழில் வந்தது. மகனைக் கொன்றவனின் கையை முத்தமிடும் டிராய் மன்னன் பிரியம் பற்றிய ஹோமரின் காட்சி அதில் இருந்தது. நாளிதழில் அந்தத் தேதியில் அச்சானபோது அரசியலைத் தள்ளி வைப்பது யாருக்கும் சாத்தியப்படவில்லை.

கார்சன் தன் வழியை மாற்றிக்கொண்டே போனார். அமெரிக்கக் கவிஞர் சி.கே. வில்லியம்ஸிடமிருந்தும், முல்லாபான் ஊர்க் கதைசொல்லி ஜான் கேம்ப்பெல்லிடமிருந்தும் கற்ற அந்த நீண்ட வரியை 2003-இல் வந்த ‘பிரேக்கிங் நியூஸ்’ தொகுப்பில் கைவிட்டார். வரிக்கு ஓரிரு சொற்கள் மட்டும். ஹெலிகாப்டரின் விசிறிச் சத்தத்துக்கு இடையில் விழும் சொற்கள். அந்தத் தொகுப்பின் முடிவில் கிரைமியப் போர்ச் செய்தியாளர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸலின் செய்திகளை வைத்துக் கட்டிய கவிதை வரிசை வருகிறது. அதில் ஒன்றின் தலைப்பு ‘பலாக்லாவா’. ரஸ்ஸல் டப்ளினை ஒட்டிய ஊரில் பிறந்தவர். அவர் ‘தி டைம்ஸ்’ இதழுக்கு அனுப்பிய செய்தியைப் படித்துத்தான் டென்னிசன் தன் கவிதையை எழுதினார். சிறுவயதில் நடந்த தெருவின் பெயருக்குள் புகுந்து, அந்தப் பெயர் பிறந்த போர்க்களத்துக்கே கார்சன் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே அவர் கண்டது வீரத்தைப் பாடும் கவிதைக்குள் வராத அழுகல், காலரா, குதிரைப் பிணங்கள். ‘மோதல்’ தொகுப்பைப் படிக்கும் மாணவருக்கு டென்னிசனையும் கார்சனையும் இணைக்கும் பாலமாக இதைவிட நேரான ஒன்று கிடைக்காது. பாடநூலில் அதற்கு இடம் ஒதுக்காதது வருத்தத்துக்குரிய விடுபாடு.

கார்சன் 2019 அக்டோபர் 6 அன்று மறைந்தார். அவர் எழுதிய தெருக்களில் சில இன்று பெயரளவில்கூட இல்லை. சில புது வீடுகளோடு நிற்கின்றன. பம்பாய் தெரு மீண்டும் கட்டப்பட்டது. சுவரை ஒட்டிய வீடுகளின் பின்புறத்தில், மேலிருந்து எறியப்படும் பொருள்கள் விழாமலிருக்க இரும்புவலைக் கூண்டு போட்டிருக்கிறார்கள். சுவர்களை 2023-க்குள் அகற்றிவிடுவதாக வட அயர்லாந்து அரசு 2013-இல் இலக்கு வைத்தது. கெடு கடந்தும் பெரும்பாலானவை நிற்கின்றன. பள்ளிகளும் அப்படியே. இரு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஒருங்கிணைந்த பள்ளிகளின் முன்னோடியான லகன் கல்லூரி 1981-இல் 28 மாணவர்களோடு தொடங்கியது. இன்றும் அத்தகைய பள்ளிகளில் பயில்வோர் சிறுபான்மையே. எனவே ஃபால்ஸில் ஒரு வகுப்பும் ஷாங்கிலில் ஒரு வகுப்பும் இந்தக் கவிதையை எடுத்துப் படித்தால், ஒன்றுக்குப் பலாக்லாவா தன் தெரு, மற்றொன்றுக்குக் கிரைமியா தன் தெரு. பிரிட்டனின் மற்ற ஊர்களிலுள்ள வகுப்புக்கு இரண்டுமே வெறும் பெயர்கள். அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர் கரும்பலகையில் உருவகம் என்று எழுதுவதற்கு முன், பெல்ஃபாஸ்டின் வரைபடத்தை மாட்டி, அந்த ஐந்து தெருக்களையும் மாணவர்களைத் தேடச் சொல்லி, 1969-க்குப் பிறகு எழுந்த சுவரைச் சிவப்பு மையால் வரையச் சொன்னால், அந்த நாற்பது நிமிடப் பாடவேளையில் பாதி அதற்கே போய்விடும். மீதிப் பாதியில் கவிதையை உரக்க ஒரு முறை வாசிக்கலாம். யார் கேள்வி கேட்கிறார், யார் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார் என்று பிள்ளைகளே பேசத் தொடங்குவதற்கு நேரம் இருக்கும்.